மெயின் சுவிட்சை அணைக்க இன்னொரு ஆள்

போன வாரம் என் வீட்டுச் சுவரில் ஓர் இரும்புப் பெட்டி ஏறியது.

பெரிய பெட்டி ஒன்றும் இல்லை. வாசலுக்கு வெளியே, கூரை ஓரத்துக்குக் கீழே பொருத்திவிட்டுப் போனார்கள். உள்ளே மெயின் சுவிட்ச். பக்கவாட்டில் ஒரு பிடி. அதைக் கீழே இழுத்தால் வீடு மொத்தத்துக்கும் கரண்ட் நின்றுவிடும். ரோட்டில் போகிற யார் வேண்டுமானாலும் இழுக்கலாம் — என் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

"இனிமே பயமில்லைங்க டாக்டரய்யா" என்றார் எஞ்சின் டிரைவர் சவரிமுத்து. எங்கள் தோட்டத்தில் ஓடைத் தண்ணீரால் சுற்றும் டைனமோ அவர் பொறுப்பு. "அந்தப் பழைய சட்டத்தையும் தொரை எடுத்துட்டாரு. இனிமே உங்களுக்கு இன்னொரு ஆள் வேணாம்."

நல்ல சேதி சொல்கிற முகத்தோடுதான் சொன்னார். எனக்கோ நெஞ்சில் ஏதோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது. பாதுகாப்பு கூடியதற்கு ஒரு மனிதன் வருத்தப்படுவானா? படுவான். எப்படி என்று சொல்கிறேன்.

வாரா வாரம் இந்தப் பத்திரிகைப் பத்தியில் என்னோடு பேசுகிறவர்களுக்குத் தெரியும், நான் அப்புத்தளைக்கும் பெரகலைக்கும் இடையில் ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சர். காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பேன், புண்ணுக்குக் கட்டுப் போடுவேன். ஜனங்கள் டாக்டரய்யா என்கிறார்கள்; நானும் மறுத்ததில்லை. மனைவி இறந்து பல வருஷங்கள் ஆகின்றன. பிள்ளைகள் இல்லை. வீட்டில் நான், என் புத்தகங்கள், சாயங்காலமானால் கதவிடுக்கு வழியாக உள்ளே வரும் பனிமூட்டம். அவ்வளவுதான் குடும்பம்.

ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையிலும் துரை பங்களாவிலும் மட்டும் எரிந்துகொண்டிருந்த மின்சார விளக்கு, உத்தியோகஸ்தர் வீடுகள் இருக்கும் எங்கள் வரிசைக்கும் வந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு வரவில்லை. அங்கே இன்றைக்கும் குப்பி விளக்குதான். அதைப் பற்றி ஒருநாள் தனியாகக் கோபப்பட வேண்டும்...

இருட்டத் தொடங்கியதும் சவரிமுத்து தண்ணீரைத் திறந்துவிடுவார். பல்பு முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், பிறகு வெளுக்கும். வரிசையில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில். எல்லோரும் அதைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார்கள். விளக்கு வைத்தால் கும்பிடத்தானே வேண்டும்? வைத்தது டைனமோவாக இருந்தால் என்ன?

என் சொந்தக்காரர்களுக்கு ஒரு பழைய பல்லவி உண்டு. "வீட்டுக்கு விளக்கேத்த ஒருத்தி வேணாமா?" இரண்டாம் கல்யாணப் பேச்சு. மின்சாரம் வந்த பிறகு, "அதைத்தான் டைனமோ ஏத்துதே" என்று பதில் சொல்லப் பழகிக்கொண்டேன். அவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர்கள் போன பிறகு பல்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன்.

குப்பி விளக்கில் ஒரு சௌகரியம் இருந்தது. வெளிச்சம் மேசையோடு நின்றுவிடும். மூலையில் இருக்கும் காலி நாற்காலி கண்ணில் படாது. பல்புக்கு அந்த இங்கிதம் கிடையாது. வீட்டில் யாரெல்லாம் இல்லை என்பதை ஒன்று விடாமல் காட்டிவிடுகிறது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஆயுத பூசை வந்தது.

தோட்டத்தில் ஆயுத பூசை என்றால் எதையும் விட மாட்டார்கள். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, தராசு, ஸ்டோரில் இருக்கும் உருளை மெஷின் — எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. என் மருந்துக்கடையின் கத்தரிக்கோலுக்கும் பொட்டு உண்டு. அப்படியிருக்க, புதிதாக வீட்டுக்கு வந்த மின்சாரத்துக்கு மட்டும் பொட்டு வைக்காமல் விடுவார்களா?

தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கரின் மனைவி விட மனசில்லாமல், எரிகிற பல்பின் பித்தளை ஹோல்டருக்கு ஈரச் சந்தனத்தைக் குழைத்துப் பூசினார். அப்போதுதான் கழுவிவிட்ட தரை. கையும் ஈரம், காலும் ஈரம். கை ஹோல்டரோடு ஒட்டிக்கொண்டது. அந்த அம்மாளால் கத்தக்கூட முடியவில்லை. கிளாக்கர் பக்கத்தில்தான் நின்றார். மெயின் சுவிட்ச் பின்கட்டில் விறகுக்கு மேலே இருக்கிறது என்று தெரியும். அதை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று தெரியாது. தொட்டால் தானும் ஒட்டிக்கொள்வோமோ என்ற பயம் வேறு. வேலைக்காரன் ஸ்டோருக்கு ஓடி, சவரிமுத்து தண்ணீரை அடைத்த பிறகுதான் கை விட்டது.

உயிர் தப்பியது. உள்ளங்கை வெந்துபோயிருந்தது. கட்டுப் போட்டவன் நான்தான். "சாமிக்குத்தானே செஞ்சேன்..." என்று அந்த அம்மாள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு என்ன மருந்து கொடுப்பது?

அந்த வாரமே துரை ஒரு நோட்டீஸ் போட்டார். தமிழிலும் எழுதி, காலையில் ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் ஒட்டினார்கள். ஈரக்கையோடு சுவிட்சைத் தொடக் கூடாது. சுவரில் போகும் கம்பிகளைக் கொடியாக நினைத்து வேட்டி உலர்த்தக் கூடாது. எந்தப் பண்டிகையானாலும் ஹோல்டருக்குப் பொட்டு கூடாது. எல்லாம் நியாயம்தான். கடைசியில் இருந்ததுதான் என்னைக் குத்தியது. ஒவ்வொரு வீட்டிலும் மெயின் சுவிட்சை அணைக்கத் தெரிந்த பெரியவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும். கரண்ட் ஓடும் நேரத்தில் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். அப்படி ஆள் இல்லாத வீட்டுக்கு லைன் துண்டிக்கப்படும்.

கேட்டால் சரியாகத்தான் இருக்கிறது. ஒருவர் ஒட்டிக்கொண்டால் அணைக்க இன்னொருவர் வேண்டாமா? ஆனால் படித்துவிட்டு வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குத் தோன்றியது இதுதான்: தனியாள் என்று என்னை ஊர் சொல்லியிருக்கிறது, உறவு சொல்லியிருக்கிறது. இப்போது சுவரில் ஒட்டியும் சொல்லியாயிற்று.

ஒரு சாயங்காலம் சவரிமுத்து கையில் கொறடோடு வந்து நின்றார். கம்பியை வெட்டுகிற கொறடு.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. உங்க வீட்ல இன்னொரு ஆள்னு யாரு பேரைச் சொல்றது?"

யோசித்தேன். சமையலுக்கு வரும் ஆள் இருட்டுவதற்கு முன் லயத்துக்கு இறங்கிவிடுவான். மருந்துக்கடை உதவியாளுக்கு அடுத்த டிவிஷனில் வீடு. பதுளைக்குப் போனால் கடைவீதியில் ஒரு முஸ்லிம் வியாபாரி என்னைப் பிடித்து நிறுத்தி, "போன வாரம் நல்லா இருந்திச்சு" என்று தேத்தண்ணீர் வாங்கிக் கொடுக்கிறார். ஹாலிஎலையில் எனக்கு வாசகர்கள் இருக்கிறார்கள். முகம் தெரியாத எத்தனையோ பேர் வாரா வாரம் என்னைத் தேடிப் படிக்கிறார்கள். சரி... கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்?

"யாரும் இல்லைங்க" என்றேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

சவரிமுத்து கொறடைத் திறந்து திறந்து மூடினார். அவர் நல்ல மனிதர். வெட்ட மனம் வரவில்லை. "பக்கத்து வீட்டுக் கணக்கப்புள்ளைக்கும் இதே கதைதாங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் ஆளா நின்னுக்கிட்டா என்ன?"

"அவரு என் வீட்டுக்கு வரமாட்டாரு."

"கேட்டுப் பாத்தீங்களா?"

கேட்டதில்லை. ஏன் கேட்டதில்லை என்று சொன்னால்தான் உங்களுக்குத் தோட்டம் புரியும்.

முத்துவேல் கணக்கப்பிள்ளை, தேயிலை மலையில் ஆட்களிடம் வேலை வாங்குகிறவர். என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர்தான் நடுவில். அவர் இருமினால் எனக்குக் கேட்கும். நான் தும்மினால் அவருக்குக் கேட்கும். மனைவியும் பிள்ளைகளும் கடலுக்கு அந்தப் பக்கம், முசிறிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் காலையில் பெரட்டுக் களத்தில் எதிரிகள். காய்ச்சல் என்று ஒருத்தி வந்து நின்றால், ஓய்வு கொடுக்க வேண்டியவன் நான். மலைக்கு ஆள் குறைகிறதே என்று முறைப்பவர் அவர். "காய்ச்சலா, கள்ளமா?" என்பார். "தொட்டுப் பாத்துட்டுப் பேசுங்க" என்பேன். தினமும் நடக்கிற கூத்து.

இப்படிப்பட்ட இரண்டு பேர் சாயங்காலம் ஒன்றாக உட்கார்ந்து பேசினால் லயத்தில் என்ன சொல்வார்கள்? "ரெண்டு பேரும் சேந்துக்கிட்டாங்க. இனிமே நமக்கு லீவு கெடைக்காது." துரை காதுக்குப் போனால், இரண்டு பேரும் கூடிக்கொண்டு ஆட்களுக்கு லீவு கொடுக்கிறோம் என்று அதற்கு நேர்மாறாகப் பேச்சு வரும். போதாததற்கு, நோய் இல்லாமல் டிஸ்பென்சர் வீட்டுப் படி ஏறினால் நோயைக் கூட்டிக்கொண்டு போவதாக எங்கள் தோட்டத்தில் ஒரு நம்பிக்கை. அதனால் சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஆம்பிளைகள், ஒருவர் இருமலை ஒருவர் கேட்டபடி வருஷக்கணக்கில் தனித்தனியே சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

சவரிமுத்து போய் அவரைக் கூட்டிவந்தார். கணக்கப்பிள்ளை முற்றத்திலேயே நின்றார். என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துச் சொன்னார்.

"தொரை உத்தரவுன்னா செஞ்சுதானே ஆகணும்."

"ஆமாங்க. உத்தரவாச்சே" என்றேன் நான்.

சொல்லும்போதே குரல் எனக்கு லேசாகியிருந்தது. அவருக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

துரை எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். ஒரு மாலை அவரே வந்தார் பரீட்சை வைக்க. நான் உள் அறையில் விளக்குக்குக் கீழே நின்று கத்த வேண்டும். கணக்கப்பிள்ளை தன் வீட்டிலிருந்து ஓடிவந்து மெயினை அணைக்க வேண்டும். காலில் உலர்ந்த செருப்பு இருக்க வேண்டும் என்பது சவரிமுத்துவின் கண்டிப்பு.

கத்தினேன். கணக்கப்பிள்ளை ஓடிவந்தார், நல்ல வேகம். நிலைப்படி வந்ததும் நின்றார். குனிந்து வாரை அவிழ்த்து, செருப்பைக் கழற்றி, ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்குள் ஆள் செத்திருப்பான் என்றார். இன்னொரு தடவை ஓட வைத்தார். இரண்டாவது தடவையும் நிலைப்படியில் செருப்பு கழன்றது.

"செருப்போட வாங்க கணக்கப்புள்ள. ஒண்ணும் தப்பில்லை" என்றேன் நான்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அந்தம்மா இருந்த வீடுங்க. செருப்போட எப்படிங்க?"

என் மனைவி இருந்தபோது அவர் இந்த வீட்டுக்குள் வந்ததே இல்லை. அவளோடு பேசியிருப்பாரா என்பதும் சந்தேகம். அவளை இன்னும் இந்த வீட்டுக்காரியாக நினைக்கிறவர் என்னைத் தவிர இன்னொருவரும் இருக்கிறார் என்று எனக்கு அதுவரை தெரியாது. துரைக்கு முன்னால் கண் கலங்கிவிடுமோ என்று பயந்து, விளக்கைப் பார்ப்பது போல மேலே பார்த்தேன்.

கடைசியில் சவரிமுத்து ஒரு வழி கண்டார். சுவிட்சுக்குக் கீழே உலர்ந்த பலகை ஒன்று போட்டு வைத்தார். வெறுங்காலோடு வந்து பலகையில் ஏறி நின்று அணைக்கலாம். துரை ஒப்புக்கொண்டார். லைன் பிழைத்தது.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் கணக்கப்பிள்ளைகளை உங்களுக்குத் தெரியுமே... சொன்ன வேலையைத் தினமும் சரிபார்க்காமல் அவர்களுக்குத் தூக்கம் வராது.

மறுநாள் பல்பு வெளுத்ததும் வாசலில் செருப்பு கழற்றும் சத்தம். உள்ளே வந்தார். பல்பைக் கும்பிட்டார். பலகையைத் தடவி ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார். "எல்லாம் சரிங்களா?" என்றார். "சரிங்க" என்றேன். போய்விட்டார். அதற்கடுத்த நாளும் வந்தார். மழை கொட்டிய ஒரு நாள், திரும்பிப் போக முடியாமல் மூலை நாற்காலியில் உட்கார்ந்தார். தேத்தண்ணீர் கொடுத்தேன். பிறகு மழை இல்லாத நாளிலும் உட்கார்ந்தார்.

பதிலுக்கு நானும் அவர் வீட்டுச் சுவிட்சைப் பார்க்கப் போக வேண்டுமே? அதற்கும் அவரே, "உங்களுக்கு எதுக்குங்க சிரமம், ரெண்டையும் நானே பாத்துட்டேன்" என்று சொல்லிவிடுவார். நான் அவர் வீட்டுக்குப் போகவே இல்லை.

யாரும் எதுவும் பேச முடியவில்லை. துரையின் உத்தரவு ஆயிற்றே? காலையில் பெரட்டுக் களத்தில் வழக்கம்போல முறைத்துக்கொள்வோம். "காய்ச்சலா, கள்ளமா?" "தொட்டுப் பாருங்க." சாயங்காலம் அதே மனிதர் என் நாற்காலியில் உட்கார்ந்து தேத்தண்ணீரை ஊதி ஊதிக் குடிப்பார்.

பெரிதாக என்ன பேசியிருப்போம்? மழை, கொழுந்து, முசிறிப் பக்கத்து வெயில். ஒருநாள் தன் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். மூத்தவன் உயரமாகிவிட்டானாம். நடுவில் இருப்பவன் சேட்டைக்காரனாம். "கடைசி பொண்ணுங்க" என்றவர் கோப்பையைக் கீழே வைத்தார். "நான் இங்க வந்த பெறகு பொறந்தது. இன்னும் பாக்கலீங்க."

இன்னும் கொஞ்சம் தேத்தண்ணீர் ஊற்றினேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தச் சட்டத்தைத்தான் போன வாரம் ஓர் இரும்புப் பெட்டி வந்து விழுங்கிவிட்டது.

பெட்டி வந்த அன்று சாயங்காலம் பல்பு வெளுத்தது. வாசலில் சத்தம் இல்லை. சரி, மலையில் வேலை அதிகமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். மறுநாளும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. ஆள் வீட்டில்தான் இருக்கிறார். எழுந்து வர ஒரு முகாந்திரம்தான் இல்லை. நான் போட்டு வைத்த தேத்தண்ணீர் ஆடை படிந்து ஆறிப்போனது. பழையபடி தனியாகச் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. முன்பெல்லாம் இறங்கிக்கொண்டுதானே இருந்தது?

பெண்கள் புத்திசாலிகள். ஒரு கரண்டி உப்புக் கடன் கேட்டு வந்து பாதி நாள் பேசிவிட்டுப் போவார்கள். உப்பு வீட்டில் இருக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆம்பிளைகளுக்கு அது வராது. பக்கத்து வீட்டுக்குப் போவதற்கு எங்களுக்கு ஒரு துரை வேண்டும், ஒரு நோட்டீஸ் வேண்டும், உயிருக்கு ஆபத்து வேண்டும். உங்களில் எத்தனை பேர் இப்படி? நேர்மையாகச் சொல்லுங்கள்.

நேற்றுச் சாயங்காலம் பொறுக்க முடியாமல் நானே எழுந்து போனேன். அவர் வீட்டு நிலைப்படியில் நின்று கனைத்தேன்.

கணக்கப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. அவசரமாக எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது.

"ஊர்லேருந்து சேதி ஏதும் வந்துச்சுங்களா? பிள்ளைகளுக்கு ஏதும்..."

டிஸ்பென்சர் தானாக ஒரு வீட்டு வாசலுக்கு வந்தால் வேறு என்ன நினைப்பார்கள்? எனக்கு அது உறைக்காமல் போய்விட்டது.

"யாருக்கும் ஒண்ணுமில்லைங்க. பதறாதீங்க."

"கரண்ட்ல கோளாறுங்களா?"

"கரண்ட்டும் நல்லா இருக்கு."

அவர் காத்துக்கொண்டு நின்றார். 'சும்மா உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்' என்று சொல்ல வேண்டும். பத்தி பத்தியாக எழுதுகிறவனுக்கு அந்த ஒரு வரி தொண்டையைத் தாண்டி வரவில்லை. வெளியே பனிமூட்டத்தில் யாரோ லயத்துக்குப் போகிறவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

"கையைக் குடுங்க" என்றேன்.

கொடுத்தார். ஸ்டூலை நிமிர்த்தி உட்காரவைத்து, நாடியைப் பிடித்தேன். கல் மாதிரி திடமான நாடி. பிடித்ததும் தெரிந்துவிட்டது. ஆனாலும் நான் விடவில்லை. அவரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. எத்தனை நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோமோ.

"எப்படிங்க இருக்கு?" என்றார் மெதுவாக.

"பரவாயில்லை. ஆனா கவனிச்சுப் பாத்துக்கணும்."

"தெனமும் பாக்கணுங்களா?"

"தெனமும் பாத்தா நல்லது."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்: "அப்ப நாளைக்கு நான் அங்க வந்துடுறேங்க. நோயாளிதானே டாக்டரய்யாவைத் தேடி வரணும்."

அவருக்கு என்ன வியாதி என்றுதானே கேட்கிறீர்கள்? எனக்கு இருப்பதுதான்.